அடுப்புக்கு மேலே அவன் வேண்டாம்

அடையாறிலும் தி. நகரிலும் பழைய ஃப்ளாட்டுகளை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலை ஓய்கிற மாதிரி தெரியவில்லை. சாவி கைக்கு வருவதற்கு முன்பே சமையலறையைப் பற்றிய கேள்விகள் வந்துவிடுகின்றன. அதில் அடிக்கடி கேட்கப்படுவது இது: “அமெரிக்காவில் மகள் வீட்டில் பார்த்தோம். அடுப்புக்கு நேர் மேலே கன்வெக்ஷன் மைக்ரோவேவ் அவன், அதன் அடியிலேயே புகை உறிஞ்சும் விசிறி. மேடையில் இடமும் மிச்சம், சிம்னிச் செலவும் மிச்சம். நம் வீட்டிலும் அப்படி மாட்டலாமா?”

மாட்ட வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்தப் பெட்டியைக் குறை சொல்லவில்லை. அது வேறு அளவுள்ள சமையலறைக்கும் வேறு மாதிரியான சமையலுக்கும் செய்யப்பட்டது. கையில் ஒரு டேப் இருந்தால் போதும், காரணம் விளங்கிவிடும்.

அமெரிக்க வீடுகளில் அடுப்பு மேடையோடு ஒரே மட்டத்தில் இருக்கும். பர்னர், தரையிலிருந்து ஏறக்குறைய 36 அங்குலம். மேலே மாட்டும் மைக்ரோவேவின் உச்சி 66 அங்குலத்தில் வரும்படி வைப்பது அங்கே வழக்கம். பெட்டியின் உயரம் 16, 17 அங்குலம் போக, பர்னருக்கும் அதற்கும் நடுவே எஞ்சுவது 13, 14 அங்குலம்தான். நம் வீட்டில் மேடை 33 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் தனியாக உட்காரும் கேஸ் அடுப்பு 5 அங்குலம். பர்னரே 38 அங்குலத்தில் நிற்கிறது. அதன்மேல் ஐந்து லிட்டர் குக்கரையோ இட்லிக் கொப்பரையையோ ஏற்றிவிட்டால், அந்த 14 அங்குலத்தில் கரண்டி விட்டுக் கிளறக்கூட இடம் இருக்காது. மூடியைத் திறப்பது பற்றிப் பேசவே வேண்டாம்.

அப்படியானால் சிம்னி மாட்டும் உயரத்துக்குத் தூக்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். சிம்னிக்கும் பர்னருக்கும் நடுவே 26 முதல் 30 அங்குலம் விடுவது வழக்கம். 38-உம் 26-உம் 64. அதுதான் பெட்டியின் அடிப்பாகம். உள்ளே சுழலும் கண்ணாடித் தட்டு 66 அங்குலத்தில், அதாவது ஐந்தரை அடியில் இருக்கும். ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமுள்ள ஒரு பெண்மணி, எரிகிற அடுப்புக்குக் குறுக்கே புடவைத் தலைப்போடு எக்கி நின்று, தன் கண்ணுக்கு எட்டாத தட்டிலிருந்து 200 டிகிரிச் சூட்டில் இருக்கும் பாத்திரத்தை இறக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக எழுபது வயது மாமியாரை இந்த வித்தைக்கு உட்படுத்த வேண்டுமா?

குக்கர் விசில் என்ற சமாச்சாரம் இன்னொன்று. அடுப்புக்கு மேலே மைக்ரோவேவைப் பொருத்துகிற ஊர்களில், பருப்புத் தண்ணீரோடு சேர்ந்து நீராவி செங்குத்தாகப் பீறிட்டு மேலே அடிப்பது அன்றாடக் காட்சி அல்ல. நம் வீடுகளில் காலையிலும் மாலையிலும் அதுதான் நடக்கிறது. நேர் மேலே இருப்பது காற்று உள்ளே போகும் துவாரங்களும் மின்னணுப் பலகையும் உள்ள ஒரு பெட்டி. ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் அதன் மேல் படிய எத்தனை மாதம் ஆகும்?

புகை விஷயத்திலும் அது நம் சமையலுக்குத் தாங்காது. அமெரிக்க மாடல்களின் விசிறி பெரும்பாலும் 300 முதல் 400 சி.எஃப்.எம். இழுக்கும், மணிக்கு 510 முதல் 680 கன மீட்டர் வரை. நம் கடைகளில் விற்கும் சிம்னிகளில் 1000, 1200, 1500 என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். குழாய் மாட்டாமல் எடுத்த கணக்கு அது. இரண்டு வளைவுள்ள டக்ட் மாட்டியதும் நன்றாகவே குறைந்துவிடும். எண்ணைவிட முக்கியமானது ஆழம். அடுப்புக்கு மேல் மாட்டும் மைக்ரோவேவின் முன்விளிம்பு, முன்வரிசை பர்னர்களை முழுதாக மூடுவதில்லை. நம் வீட்டு அடுப்பில் பெரும்பாலான பர்னர்கள் முன்வரிசைதான். வற்றல் மிளகாய் தாளித்த நெடி அந்த விளிம்பைச் சுற்றிக்கொண்டு நேரே ஹாலுக்குப் போகும். வெளியே குழாய் விடாமல், கரி வடிகட்டி வழியே காற்றைச் சுற்றித் திரும்ப அறைக்கே அனுப்பும் முறையில் பொருத்தினால் நிலைமை இன்னும் மோசம். அப்பளம் பொரிக்கும் வீட்டில் அந்தக் கரி எத்தனை நாளைக்கு?

எனவே அடுப்புக்கு மேலே உள்ள இடத்தைச் சிம்னிக்கே விட்டுவிடுங்கள். ஆறு அங்குல டக்ட், முடிந்தவரை நேராக, யுடிலிட்டி பக்கம் வெளியே போகட்டும். துளை போடும்போது பீமைத் தொடவே கூடாது; செங்கல் சுவரில் மட்டும் போடச் சொல்லுங்கள். வெளி முனையில் தட்டு மூடி போட்ட தொப்பி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை அந்தக் குழாய் வழியே திரும்பி உள்ளே வரும். புறாக்களோ மழைக்குக்கூடக் காத்திருப்பதில்லை. துளை கண்ட மறுவாரமே சுள்ளி கொண்டுவந்துவிடும். வலை கட்டலாம் என்று தோன்றும். எண்ணெய் படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் வலையை நான் சொல்வதில்லை.

வெளிநாட்டிலிருந்து சாமானோடு திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டேஜைக் குறைத்துவிடலாம், ஹெர்ட்ஸை அது மாற்றாது. மைக்ரோவேவுக்குள் இருக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் 60-க்காகச் செய்யப்பட்டிருந்தால், 50-இல் அளவுக்கு மீறிச் சூடாகும். இரண்டு கிலோவாட்டுக்குத் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரே ஒரு கனமான பெட்டியாக இருக்கும். உதிரிப் பாகமும் இங்கே கிடைக்காது. அங்கேயே விற்றுவிட்டு வருவது நல்லது. சிங்கப்பூர், துபாய் பெட்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

சரி, அடுப்புக்கு மேல் இல்லையென்றால் வேறு எங்கே?

மாடுலர் கிச்சன் போடுகிறவர்களுக்கு டால் யூனிட் என்கிற உயர அலமாரிதான் சரியான இடம். சுழலும் தட்டு தரையிலிருந்து 36 முதல் 44 அங்குலத்துக்குள் வர வேண்டும். வீட்டில் அதிகம் சமைப்பவரின் முழங்கை உயரத்தை அளந்து முடிவு செய்யுங்கள். இங்கே கார்ப்பென்டரோடு ஒரு சண்டை காத்திருக்கிறது. மேடையில் வைக்கிற சாதாரணப் பெட்டியை வாங்கி, அதே அளவுக்குப் பிளைவுட்டில் பொந்து செய்து, கச்சிதமாகச் செருகிக் காட்டி மகிழ்வார். செருகக் கூடாது. பல கம்பெனிக் கையேடுகள் பின்னாலும் பக்கங்களிலும் 10 சென்டிமீட்டர், மேலே 20 சென்டிமீட்டர் காற்றிடம் கேட்கின்றன. மாடலுக்கு மாடல் மாறும், ஆகவே கையேட்டைப் பார்த்துவிட்டுத்தான் பலகை அறுக்க வேண்டும். கச்சிதமாகத்தான் வேண்டும் என்றால், அதற்கென்றே செய்த பில்ட்-இன் மாடல் வாங்குங்கள். 60 சென்டிமீட்டர் அலமாரிக்குப் பொருந்தும், காற்று முன்பக்கமாகவே போய் வரும். விலை கூடுதல்தான். எப்படியிருந்தாலும், முன்னால் ஷட்டர் போட்டு மூடிவிட்டு ஓட்டவே கூடாது.

மயிலாப்பூர் பக்கத்துப் பழைய வீடுகளில் வேறு கதை. அங்கே சமையலறைச் சுவரில் கடப்பா கல் தட்டுகள் இருக்கும். பாரம் தாங்குவதில் குறையே இல்லை. 28 லிட்டர் பெட்டி ஒன்றின் எடை 17, 18 கிலோதான். ஆழம்தான் இடிக்கும். கல் 12 முதல் 15 அங்குலம், பெட்டியின் ஆழமோ கிட்டத்தட்ட 20 அங்குலம். முன்கால்கள் அந்தரத்தில் நிற்கும். அந்த உயரத்திலேயே சுவரில் இரும்பு பிராக்கெட் அடிக்கலாமா என்றால், சுவரைத் தட்டிப் பாருங்கள். சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவராக இருந்தால் டிரில் போட்ட இடம் பொலபொலவென்று உதிரும். ரோல் பிளக் பிடிக்காது. புதுக் கட்டடங்களில் இருக்கும் இலகு ரக ஏ.ஏ.சி. பிளாக்கிலும் சாதாரண ரோல் பிளக்கை நம்ப முடியாது, அதற்கென்று உள்ள நீள ஆங்கரோ கெமிக்கல் ஆங்கரோ வேண்டும். ஃப்ரிட்ஜின் தலையில் ஏற்றிவைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். உயரம் தப்பு, இரண்டு பெட்டிகளுக்கும் சூடு வெளியேற இடம் வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் சமையலறைக்கு வெளியே இருக்கிறது. இந்த ஊர் ஃப்ளாட்டுகளில் ஃப்ரிட்ஜ் ஏற்கெனவே சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதற்கு அடுத்தாற்போல் இரண்டரை அல்லது மூன்று அடி உயரத்தில் ஒரு மேஜையோ திறந்த அலமாரியோ போட்டு அவனை வைத்துவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, நீராவி இல்லை, கேஸ் அடுப்பு பக்கத்தில் இல்லை. பாட்டியின் அடுப்பங்கரைக்குள் முட்டை நுழையாத வீடுகளில் பேரனின் கேக் பிரச்சினையும் இதோடு தீர்ந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மேடை மாடல்களின் கதவு இடப்பக்கமாகத் திறக்கும். இடப்பக்கம் சுவர் ஒட்டிவிட்டால் கதவு பாதியில் நிற்கும். சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கும் இடம் வலப்பக்கம் இருக்கட்டும்.

இடம் முடிவானதும் கடைக்குப் போகாதீர்கள். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

28 லிட்டர் கன்வெக்ஷன் பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்தால், ‘900 வாட்’ என்று விளம்பரத்தில் பார்த்தது வெளியே வரும் நுண்ணலையின் சக்தி மட்டுமே என்று தெரியும். அதற்காக உள்ளே இழுப்பது சுமார் 1400 வாட். கன்வெக்ஷனில் 2000 முதல் 2200 வாட் வரை போகும். 230 வோல்ட்டில் 2200 வாட் என்றால் 9½ ஆம்பியர். வெறும் மைக்ரோவேவாக ஓட்டினால்கூட 6 ஆம்பியரைத் தொட்டுவிடுகிறது. மிக்ஸி செருகுகிற சின்னப் பிளக் பாயின்ட்டின் எல்லையே 6 ஆம்பியர்தான். அதனால்தான் கம்பெனிக்காரர்கள் பருமனான பின் உள்ள 16 ஆம்பியர் பிளக்கைக் கொடுக்கிறார்கள். அதைச் சின்ன பாயின்ட்டில் செருகுவதற்கென்று ஒரு கன்வெர்ட்டர் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்குகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை. பிளக் கருகி, பிளாஸ்டிக் உருகி, சுவர் கறுத்த பிறகே சிலருக்கு நம்பிக்கை வருகிறது.

நம் ஊரில் ‘பவர் பிளக்’ என்று சொல்கிற 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்று, அவனுக்கென்றே தனியாக வேண்டும். மீட்டர் பலகையிலிருந்து தனி எம்.சி.பி., குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், தூரம் அதிகமென்றால் 4. இண்டக்ஷன் அடுப்போ கீசரோ அதே வயரில் கூட்டுச் சேரக் கூடாது. நாற்பது, ஐம்பது வருடப் பழைய ஃப்ளாட்டுகளில் சுவருக்குள் அலுமினிய வயர் இருக்கக்கூடும். சுவிட்சை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு ‘பவர் பாயின்ட் போட்டாச்சு’ என்று சொல்வதை ஏற்காதீர்கள். மூன்றாவது துளையில் நிஜமாகவே எர்த் வருகிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். துளை இருக்கும், உள்ளே வயர் இருக்காது. உலோகப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்று புகார் வரும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று பலகையில் இல்லையென்றால் இதே வேலையோடு போட்டுவிடுங்கள்.

சிங்கிள் ஃபேஸ் வீடா? ஒன்றரை டன் ஏ.சி., கீசர், அவன் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் ஆறு கிலோவாட்டை நெருங்கும், அதாவது 25 ஆம்பியருக்கு மேல். ஈ.பி. கார்டில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். த்ரீ ஃபேஸ் என்றால் சமையலறை பவர் பிளக்கும் கீசரும் ஒரே ஃபேஸில் இல்லாதபடி பிரிக்கச் சொல்லலாம். அரைமணி நேர வேலை. வீட்டு யு.பி.எஸ். இதைத் தாங்குமா என்று கேட்பவர்கள் உண்டு. 900 வி.ஏ. இன்வெர்ட்டர் தரக்கூடியது ஏறத்தாழ 700 வாட். தாங்காது.

இப்போது மாடலுக்கு வருவோம். இதைக் கடைசியில் சொல்வது, இதில்தான் எல்லோரும் தேவைக்கு மேல் நேரம் செலவழிக்கிறார்கள் என்பதால்.

கன்வெக்ஷன் என்பது மைக்ரோவேவோடு சேர்த்துப் பின்சுவரில் ஒரு ஹீட்டரும் விசிறியும். கேக், குக்கி, பன்னீர் டிக்கா, வாட்டிய காய்கறி இதெல்லாம் வரும். சாம்பார் சூடு பண்ணவும் பால் காய்ச்சவும் மட்டும்தான் என்றால், ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கும் 20 லிட்டர் சோலோவே போதும். வாராவாரம் ரொட்டியும் பீட்ஸாவும் சுடுகிற ஆர்வலர் என்றால், அநேக கன்வெக்ஷன் மாடல்கள் 200, 220 டிகிரியில் நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 250 வரை போகும் ஓ.டி.ஜி. (அவன், டோஸ்டர், கிரில்)தான் உங்களுக்கு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாலு பேர் குடும்பத்துக்கு 28 லிட்டர் சரி. 40 டிகிரியில் மாவு புளிக்க வைக்கலாம் என்று ஒரு பட்டனைக் காட்டி விற்பார்கள். சித்திரையில் மேடை மேல் வைத்த மாவே மதியத்துக்குள் பொங்கி வழிகிற ஊரில், அந்தப் பட்டன் மார்கழியில் நாலைந்து நாளைக்கு உதவலாம்.

‘300 ஆட்டோ குக் மெனு’ என்ற ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன். நேரத்தையும் சூட்டையும் இரண்டே அழுத்தலில் வைக்க முடிகிறதா, எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். உட்சுவர் பெயின்ட் அடித்த உலோகமாக இருந்தால் தவிர்த்துவிடுவேன். சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் வரை கடல் காற்று படும் வீடுகளில் பெயின்ட் ஓரிடத்தில் பெயர்ந்தால் துரு பிடிக்கும், துரு பிடித்த இடத்தில் பொறி பறக்கும். கன்வெக்ஷன் நிறைய ஓட்டுகிறவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மசாலாக் கறையைத் துடைத்து அலுத்தவர்களுக்கு செராமிக் பூச்சு.

ஆடித் தள்ளுபடிக்கோ, 1965-இல் மயிலாப்பூரில் தொடங்கிய விவேக்ஸ் கடை பிரபலமாக்கிய ஜனவரி முதல் தேதி விற்பனைக்கோ காத்திருந்து வாங்குவது உங்கள் விருப்பம். உஸ்மான் சாலைக் கூட்டத்துக்குள் போவதென்றால், வீட்டில் உள்ள பெரிய கண்ணாடிப் பாத்திரத்தையும் கேக் டின்னையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் பெட்டிக்குள் வைத்து, தட்டோடு சேர்ந்து முட்டாமல் சுற்றுகிறதா என்று கையால் சுழற்றிப் பாருங்கள். செவ்வகப் பாத்திரம் 20 லிட்டரில் மூலைக்கு மூலை இடிக்கும்.

பாத்திரத்தைப் பற்றி ஒரே எச்சரிக்கை. எவர்சில்வர் மைக்ரோவேவில் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று முத்திரை குத்திய பிளாஸ்டிக் டப்பா கன்வெக்ஷனில் உருகும் என்பது பலருக்குத் தெரியவில்லை. ஒரே பெட்டி, இரண்டு விதி. போரோசிலிகேட் கண்ணாடி இரண்டுக்கும் பயமில்லாமல் போகும்.

கரப்பானும் பல்லியும் பின்பக்கத் துவாரம் வழியே உள்ளே போய், கதகதப்பான மின்னணுப் பலகையில் குடியேறுவது இந்த ஊரில் ரிப்பேருக்கு வரும் காரணங்களில் ஒன்று. அதற்காகத் துவாரத்தை வலையாலோ டேப்பாலோ அடைத்துவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கி வேறு கெடுதல் வரும். பெட்டிக்குப் பின்னால் கை போகும் அளவு இடம் விட்டுச் சுத்தமாக வைப்பதும், ஓடாத நேரத்தில் சுவிட்சை அணைப்பதும்தான் வழி. நீராவி வரும் சமையலுக்குப் பிறகு உள்ளே ஒரு துணியால் துடைத்துவிடுங்கள்.

பெட்டி வந்து இறங்கும் நாளில் டெமோ காட்ட வருகிறவர் கேக் எப்படிச் செய்வது என்று விளக்கிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். அவரை நிறுத்தி, ஒரு லிட்டர் தண்ணீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, முழுச் சக்தியில் சரியாக ஒரு நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் சமையல் வெப்பமானியால் அளந்துகொள்ளுங்கள். 900 வாட் பெட்டி தண்ணீரின் சூட்டை 11 அல்லது 12 டிகிரி ஏற்ற வேண்டும். எட்டு, ஒன்பதில் நின்றுவிட்டால் முதலில் வீட்டு வோல்ட்டேஜைப் பாருங்கள். அது 220-க்கு மேல் சரியாக இருந்தால், பில்லையும் அட்டைப் பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் வாசலைத் தாண்டுவதற்குள் மாற்றித் தரச் சொல்லி எழுதி வாங்கிவிடுங்கள்.